மச்சான் இருமும் வெள்ளிக்கிழமை

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகிற பாதையில் பஸ் நிற்கும் சின்ன பஜார் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரே கட்டடத்தில் இரண்டு சாப்பாட்டுக் கடைகள். கீழே என் மனைவியின் அண்ணனுடைய சைவக் கடை. மேலே மெக்சிக்கோ கடை. நடுவில் ஒரு மரப்படி. அந்தப் படியில் ஏறிப் போனதுதான் நான் மச்சானுக்குச் செய்த துரோகம்.

அதற்கு முன்னால் கீழே அவருடைய கல்லில் நான் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தேன். மேலே புதுக்கடைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மத்தியானம் வேலை ஓய்ந்த நேரத்தில் கையில் ஒட்டிய மாவோடு ஏறிப் போனேன். திரும்பி இறங்கி வரவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அன்றிலிருந்து மச்சான் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னைப் பற்றி நிறையப் பேசுவார். "நம்ம ரொட்டிக்காரன் மேல போயிட்டான்" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொல்வார். கேட்ட வெளியூர்க்காரர் ஒருவர், எப்போது அடக்கம் என்று விசாரித்திருக்கிறார்.

என் மனைவி கீழேயே இருந்துவிட்டாள். வடை மாவு அவள் கைக்குத்தான் படியும் என்பது மச்சானுக்கும் தெரியும். ஆகவே பகலில் நாங்கள் இருவரும் எதிரி நாட்டுக்காரர்கள். சாயங்காலம் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போவோம்.

மேல்கடைக்காரியை ஊரே தொரசாணி என்று கூப்பிடும். துரைமார் பெண்சாதி மாதிரி வெள்ளை இல்லை. நம் நிறம்தான், என்னைவிட ஒரு சாண் குள்ளம். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பையன் ஒருவன் கப்பலில் சமையல் வேலைக்குப் போய், மெக்சிக்கோவின் தெற்கு மலைப்பக்கத்துத் துறைமுகம் ஒன்றிலிருந்து அவரைக் கட்டிக்கொண்டு வந்தான். அவன்தான் கேலியாக அந்தப் பெயரை வைத்தான். கடை திறந்து சில வருஷங்களில் அவன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான். அந்தம்மா ஊருக்குக் கிளம்பிவிடும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் கிளம்பவில்லை. கீழே குந்தியிருந்து வெற்றிலை போடும் கிழவிகளிடம் தமிழ் படித்தார். அதனால் அவர் பேச்சில் கோபமும் வெற்றிலைச் சாறும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

அவர் ஊர்ச் சாப்பாடு மட்டும்தான் போடுவார். கையால் தட்டிய சோள ரொட்டி. வாழையிலையில் மடித்து அவித்த சோள மாவு, உள்ளே கோழிக்கறி. குடிக்க, கறுவாப்பட்டை போட்டுக் குளிர வைத்த அரிசிப் பால். மழைக்காலத்தில் வெல்லம் கரைத்த சூடான சோளக் கஞ்சி. தன் ஊரில் எல்லாப் பண்டத்திலும் போடுகிற கறுவா நம் தீவிலிருந்து போவதுதான் என்பது அவருடைய பெருமை. "நான் கறுவாவ தேடிக்கிட்டுதான் வந்தேன். ஒங்க அண்ணன் நடுவுல வந்துட்டாரு" என்பார். செத்துப்போன புருஷனை அப்படித்தான் நினைத்துக்கொள்வார்.

எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு மோலே. அது ஒரு குழம்பு. பார்த்தால் தார் போட மிச்சம் வைத்தது மாதிரி இருக்கும். கொழும்பிலிருந்து ஆட்கள் கார் எடுத்துக்கொண்டு வருவது அதற்காகத்தான். அதன் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்றால், காய்ந்த மிளகாயை மண் தட்டில் போட்டு நன்றாகக் கறுக்கும்வரை வறுக்க வேண்டும். விதையைத் தனியாக எடுத்துக் கரியாகும்வரை எரிக்க வேண்டும். பிறகு அந்தக் கரியைத் தண்ணீரில் ஊறவைத்து, கசப்பைக் கழுவி, அரைக்க வேண்டும். மிளகாயை அவரே பொலித்தீன் கூடாரத்தில் வளர்க்கிறார். எரிப்பவன் நான். மாதம் ஒருமுறை, கட்டடத்துக்குப் பின்னால், திறந்தவெளி அடுப்பில்.

தமிழ்நாட்டுக்கும் நம் தோட்டங்களுக்கும் பொதுவான ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். மிளகாயை அடுப்பில் போட்டு எரிப்பது கண்ணூறு, அதாவது கண்திருஷ்டி, கழிக்கிறவர்கள் செய்கிற வேலை. ஆளைச் சுற்றி நெருப்பில் போடுவார்கள். நெடி ஏறி இருமல் வந்தால் ஒன்றுமில்லை, மனசு ஆறலாம். நெடியே இல்லாமல் எரிந்தால் கண்ணூறு பலமாக இருக்கிறது என்று அர்த்தம். இப்படி நம்புகிற ஊரில், மாதாமாதம் மிளகாயைக் கரியாக்கி, விதையைச் சாம்பலாக்கி, அதைப் பத்திரமாகச் சட்டியில் எடுத்துக்கொண்டு மேலே போகிறவனைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

மச்சான் நினைத்தார். கீழே வியாபாரம் படுத்துவிட்டது. அவருக்குத் தெரிந்து அதற்கு ஒரே காரணம் மேலேயிருந்து வரும் செய்வினை. எனக்குத் தெரிந்து அது அவருடைய சாம்பாரில் இருந்தது. என்ன சொல்லியும் பிரயோசனமில்லை. படிக்கட்டில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். கடை வாசலில் கட்ட வேண்டிய பூசணிக்காயை, பல்லும் மீசையும் வரைந்து, எங்கள் படியைப் பார்த்துக் கட்டினார். அதோடு சேர்ந்து நின்று படம் எடுக்காமல் எந்த வெள்ளைக்காரரும் மேலே ஏறியதில்லை. அது அவருக்கு இன்னும் எரிந்தது.

கடைசியில் கட்டடச் சொந்தக்காரரிடம் போனார். பஜாரில் இரும்புக் கடை வைத்திருக்கும் ஹாஜியார்தான் சொந்தக்காரர். சண்டை என்றால் அவருக்கு அலர்ஜி. எங்கள் எல்லாரையும் படிக்கட்டுக்குக் கீழே நிற்க வைத்தார்.

"ஹாஜியார், நான் வாய்க்கு வந்தத சொல்லல" என்றார் மச்சான், என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு. "வட சுட்டா எண்ண குடிக்குது. பாலு திரியுது. மகளுக்கு வந்த சம்பந்தம் கினிகத்தேனை டவுன் வரைக்கும் வந்து திரும்பிப் போயிருச்சு. இவங்க என்னாடான்னா மொளகா வெதைய சாம்பலாக்கி எடுத்துட்டுப் போறாங்க. சாம்பல எடுத்து யாராச்சும் சமைப்பாங்களா?"

"நாங்க சமைப்போம்" என்றார் தொரசாணி. "நீங்க ஒரு நாள் தின்னு பாத்திருந்தா, திரிஞ்ச பால ஊருக்கு ஊத்த மாட்டீங்க."

"பாத்தீங்களா ஹாஜியார், வாய?"

ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "செய்வினை எனக்கு விளங்காது. சச்சரவு விளங்கும். மேல்கடை ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. ஒங்களுக்கு எந்த எடம் சரின்னு நீங்களே காட்டுங்க" என்று மச்சானிடம் சொன்னார். "அங்க அடுப்ப வைக்கட்டும். சனிக்கிழம நான் வாரேன். என் கண்ணு முன்னால எரிக்கட்டும். யாருக்கும் தொந்தரவு இல்லாட்டி மேல்கடைக்கு எழுதிக் குடுத்துர்றேன். தொந்தரவுன்னா, இனிமே எரிக்கக் கூடாது."

"எரிக்கக் கூடாதுன்னா மோலே இல்ல" என்றார் தொரசாணி. "மோலே இல்லன்னா எனக்கு இங்க என்னா வேல? பொட்டிய கட்டிருவேன்."

அவர் அதைச் சத்தமில்லாமல் சொன்னார். சத்தம் போட்டால் பயமில்லை. சத்தமில்லாமல் சொன்னதைச் செய்துவிடுவார். மச்சான் மேல்மாடியில் கல்யாண விருந்து நடத்துவதாக ஏற்கெனவே நாற்காலி விசாரித்துக்கொண்டிருந்தார். எனக்கோ ஐம்பது தாண்டிவிட்டது. மெக்சிக்கோ கடை மூடினால் நான் ரொட்டி தட்ட இந்தப் பஜாரில் மிச்சமிருக்கும் ஒரே கல் கீழே இருக்கும் கல். அதற்கு முன்னால் நான் நிற்பதையும், பின்னால் மச்சான் நின்று ஒன்றும் பேசாமலே இருப்பதையும் நினைத்துப் பார்த்தேன்.

மச்சான் காட்டிய இடம் கட்டடத்தின் கோடியில், கக்கூஸ் சுவரைத் தாண்டி, தேயிலை தொடங்குகிற ஓரம். பக்கத்தில் மழைத்தண்ணீர் ஓடுகிற ஒரு கான். தன் கடையிலிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம். அதற்கு மேல் போனால் தேயிலைக்குள்தான் எரிக்க வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினேன். மூடுபனி ரோட்டு வரைக்கும் இறங்கியிருந்தது. முதுகில் சில்லென்று காற்று பட்டது. அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஹாஜியார் வந்து கீழ்க்கடையில் உட்கார்ந்திருந்தார். அவர் மனசைக் குளிர வைக்க மச்சான் வடை மேல் வடையாக வைத்துக்கொண்டிருந்தார். என் பொண்டாட்டி சுட்ட வடை.

முதல் கைப்பிடி மிளகாயைத் தட்டில் போட்டேன். சுருங்கியது, சிவந்தது, கறுத்தது. எனக்கு இருமல் வரவில்லை. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. இருபது வருஷமாக மாதாமாதம் அழுதவன் நான். அடடே, மச்சான் காட்டிய இடம் நல்ல இடமாக அல்லவா இருக்கிறது, பரீட்சையில் பாஸ், ஒப்பந்தம் கையில் என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் ஒரு பீடி குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை.

கானுக்குள் ஒரு எலுமிச்சம்பழம் கிடந்தது. இரண்டாக நறுக்கி, குங்குமம் தடவிய பழம்.

நான் அதைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. மிளகாய் எரிகிறது, நெடி இல்லை. இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார்? மச்சான். பழம் எங்கே கிடக்கிறது? அந்த இடத்தில். செய்வினை என்று அவர் சொன்னபோது ஊர் முழுக்கக் கேலி பேசினவன் நான்தான். பூசணிக்காய்க்கு வணக்கம் வைத்துவிட்டு ஏறுகிறவன் நான்தான். இப்போது கானை விட்டு இரண்டு அடி தள்ளி நிற்கிறவனும் நான்தான்.

சரி, ஒரு தடவை கழித்துப் பார்த்துவிடுவோம் என்று ஒரு கைப்பிடி மிளகாயை எடுத்து என் தலையைச் சுற்றினேன். ஊரு கண்ணு, ஒறவு கண்ணு என்று சொல்லும்போது, ஒறவு என்கிற இடத்தில் நன்றாக அழுத்தினேன். துப்பினேன். நெருப்பில் போட்டேன். நெடி இல்லை. இன்னொரு கைப்பிடி. அடுப்பைச் சுற்றினேன், கட்டடத்தை நோக்கிச் சுற்றினேன், தொரசாணியின் ஜன்னல் இருக்கும் பக்கம் பார்த்துச் சுற்றினேன். நெடி இல்லை. பயத்தில் கணக்குத் தப்பிவிட்டது. கைப்பிடி போதாமல் இரண்டு கையாலும் அள்ளினேன். மிளகாய் நெருப்பில் விழுந்து புகை கறுப்பாக எழும்பியது. நான் அதன் பக்கத்தில் சுத்தமான காற்றைச் சுவாசித்துக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி கண்ணில் தண்ணீர் இல்லாமல் நின்றேன். அதைவிடப் பயங்கரமாக இந்த உலகத்தில் எதுவும் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

முன்பக்கம் பஸ் ஒன்று விடாமல் ஹோன் அடித்தது. யாரோ கத்தினார்கள். செய்வினை ரோட்டு வரைக்கும் போய்விட்டது என்று முடிவு கட்டி, சாக்கை அப்படியே கவிழ்த்தேன்.

பிறகுதான் ஆட்கள் வந்தார்கள். முதலில் மச்சான். கண் இரண்டும் கோவைப்பழம், மூக்கு ஓடுகிறது, தோளில் துண்டு இல்லை. அவருக்குப் பின்னால் ஹாஜியார், வாயைத் தொப்பியால் பொத்திக்கொண்டு. பிறகு பஸ் கண்டக்டர், அவருக்குப் பின்னால் பாதி பஸ். எல்லாரும் இருமிக்கொண்டு வந்தார்கள். கார்த்திகை மாதம் காற்று திரும்பிவிட்டது. தேயிலைப் பக்கமிருந்து வீசிய காற்று என் முதுகைத் தாண்டி, புகையை ஒரு பொட்டுகூட எனக்கு வைக்காமல், மொத்தத்தையும் மச்சான் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது. மூடுபனி வேறு அதை மேலே எழும்ப விடாமல் அமுக்கிப் பிடித்திருக்கிறது. ஹாஜியார் வாயில் வடையோடு இருந்தாராம்.

"ஆள கொல்லப் பாக்குறியா, மனுசனா நீ" என்றார் கண்டக்டர். டிரைவர் சிங்களத்தில் சொன்னதை நான் எழுதப் போவதில்லை.

மச்சான் என்னைப் பார்க்கவில்லை. "பாத்தீங்களா ஹாஜியார்" என்று தொடங்கி இருமினார். "கண்ணால பாத்தீங்கல்ல. இது சமையலா? ஒரு சாக்கு மொளகா. ஊரையே சுத்திப் போட்டிருக்கான். இது செய்வின இல்லாட்டி வேற என்னா?" மறுபடியும் இருமி, என் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் வடைக் கரண்டியோடு ஓடி வந்திருந்தாள்.

நான் எலுமிச்சம்பழத்தைக் கையால் காட்டினேன்.

"அது நம்ம கட வாசப்படில வச்சிருந்தது" என்றாள் என் மனைவி. "நேத்து மாத்துனோம். பழச நாந்தான் கானுல போட்டேன்." என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு வீட்டில் தனியாகக் கணக்கு இருந்தது. அப்புறம் அண்ணன் பக்கம் திரும்பினாள். "ஏண்ணே, இம்புட்டு இருமுறீங்களே."

"இருமாம என்னா செய்ய? நெஞ்செல்லாம் எரியுது."

"கண்ணூறு இருந்தா மொளகா காருமா?"

மச்சான் இல்லாத துண்டைத் தேடித் தோளைத் தடவினார்.

"நம்ம வீட்ல நீங்கதானே சொல்லுவீங்க. நெடி வந்தா ஒண்ணுமில்லன்னு. இப்ப பஸ்ஸுல வந்தவங்களுக்குக்கூட நெடி வந்திருக்கு. அப்ப கடைக்கு ஒண்ணுமில்லன்னுதானே அர்த்தம்?"

கண்டக்டர் தலையை ஆட்டினார். அவரும் நம் ஆள்தான். கூட்டத்தில் இரண்டொரு பெண்கள், ஆமா, காருது, நல்லா காருது என்றார்கள். மச்சான் என்ன சொல்ல முடியும்? காரவில்லை என்று சொல்லக் கண் விடவில்லை. காருகிறது என்றால் செய்வினை இல்லை. அந்த வழக்கமே பொய் என்றால், இத்தனை வருஷம் தெளித்த மஞ்சள் தண்ணீர் பொய். அவர் மறுபடியும் இருமினார். அந்த இருமலில் இருந்த பகையை நான் என்னை நோக்கி வந்ததாகவே எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் தொரசாணி படியிறங்கி வந்தார். அவருக்கு இருமல் இல்லை. அந்த நெடியில் பிறந்து வளர்ந்தவர். வெறும் சாக்கைக் காலால் புரட்டிப் பார்த்தார்.

"தம்பி, மொளகா எங்க?"

"காத்து மாறிருச்சுங்க" என்றேன்.

"காத்தா சுத்துச்சு? ஒன் தலைய நீ சுத்துனத நான் ஜன்னல்ல நின்னு பாத்தேன்."

ஹாஜியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்ததில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். என்னை வைத்து அந்த ஊர் சிரிப்பது புதிதில்லை. நானே டிக்கெட் வாங்கிக் கொடுத்து என்னைப் பார்க்க வைத்தது அதுதான் முதல் தடவை.

மச்சான் விடவில்லை. "செய்வின இல்லன்னே வச்சிக்கிருவோம். தொந்தரவா இல்லையான்னு கேளுங்க ஹாஜியார். தொந்தரவுன்னா எரிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

அது நியாயமான கேள்வி. எனக்கு மறுபடியும் கீழ்க்கடைக் கல் கண்ணுக்குத் தெரிந்தது. தொரசாணி ஒன்றும் கெஞ்சவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஹாஜியாரைப் பார்த்தபடி நின்றார்.

ஹாஜியார் கண்ணைத் துடைத்தார். "தொந்தரவுதான்" என்றார். "ஆனா எடத்த காட்டுனது நீங்க. காத்து ஒங்க எடத்துலேருந்துதான் வந்திச்சு. பழைய எடத்துல எரிச்சிருந்தா கட்டடம் மறைச்சிருக்கும், இது ரோட்டுக்கு வந்திருக்காது. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்து பயந்ததுக்கு நான் ஏன் வாடகையாள எழக்கணும்?" தொப்பியை உதறித் தலையில் வைத்தார். "பழைய எடத்துலயே எரிங்க. மாசத்துல ஒருக்கா. வெள்ளிக்கிழம பகல்ல, நான் பள்ளிக்குத் தொழப் போன பொறகு. எனக்கு இந்த நெடி வேணாம். ஒப்பந்தத்த எழுதிர்றேன்."

தொரசாணி தலையை மட்டும் ஆட்டினார். படியேறும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்ததைக் கீழே நின்ற நான் பார்த்தேன்.

மச்சான் மட்டும் நகரவில்லை. "வெள்ளிக்கிழமையா?" என்றார். கண்ணூறு கழிக்கிற கிழமை அதுதான். ஹாஜியார் தொழுகையை மனதில் வைத்துச் சொன்னது மச்சானுக்கு வேறு மாதிரி விழுந்தது.

அடுத்த தடவை வெள்ளிக்கிழமை நான் அடுப்பு மூட்டியபோது மச்சான் பின்பக்கம் வந்து நின்றார். மிளகாய் கறுத்தது, நெடி எழும்பியது, அவர் இருமினார். நன்றாக, வயிற்றிலிருந்து இருமினார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் கடைக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்ற திருப்தியில் போய்விட்டார். அதன் பிறகு ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. நோய்க்கு டொக்டரிடம் போகாதவர் இதற்கு வருகிறார். பூசணிக்காயை அவிழ்த்துவிட்டாரா என்றால், இல்லை. போன பொங்கலுக்குப் புது மீசை வரைந்தார்.

சென்ற மாதம் காற்று ஒரு பக்கமும் இல்லாமல் இருந்தது. புகை நேராக மேலே போனது. மச்சான் நின்றார், காத்திருந்தார், இருமல் வரவில்லை. முகம் வெளுத்தது. எனக்கு அந்த முகம் தெரியும்; எலுமிச்சம்பழத்துக்கு முன்னால் நான் வைத்திருந்த முகம். அவர் அடுப்பைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தார். நான் கையிலிருந்த அட்டையால் புகையை அந்தப் பக்கம் விசிறினேன். அவர் அந்தப் பக்கம் போனார். நான் இந்தப் பக்கம் விசிறினேன். மேலே ஜன்னலில் தொரசாணி சோளக் கஞ்சிக் கோப்பையோடு வந்து நின்றுகொண்டார்.

"கொஞ்சம் இங்கிட்டு விசிறு" என்றார் மச்சான்.

இருபது வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை. நான் அட்டையை நிறுத்தினேன். "யாருகிட்ட சொல்றீங்க?"

அவர் தேயிலையைப் பார்த்தார். "அடுப்புகிட்ட."

அடுப்பு கேட்டதாகவே வைத்துக்கொண்டு அவர் முகத்துக்கு நேராக விசிறினேன், தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே. அவர் குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, இருமித் தீர்த்தார். பிறகு நிமிர்ந்து, கண்ணைத் துடைத்து, போகிற வழியில் நான் அடுக்கி வைத்திருந்த விறகைக் காலால் தட்டிவிட்டுப் போனார்.